எரிபொருள் மின்கல வினையூக்கிகள்: பெங்களூரு ஆய்வுகள்

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் தீயிலிடாமலே சேர்த்து மின்சாரம் பெறலாம் என்பதை வில்லியம் குரோவ் 1839 முதல் 1842 வரையிலான சோதனைகளில் காட்டினார். அவர் வினையூக்கியாகக் கையாண்ட பிளாட்டினத்துக்கு அமிலவகை எரிபொருள் மின்கலங்களில் இன்றும் முழு மாற்று கிடைக்கவில்லை. விலை கட்டுப்படியாக வேண்டுமென்றால் அதைக் கரித்தூள்மேல் சில நானோமீட்டர் துகள்களாகப் பரப்ப வேண்டும். துகள் சிறுக்கச் சிறுக்க அதன் ஆயுளும் குறையும். இத்தகைய மின்கலத்தில் ஓடும் வண்டியை நிறுத்தி எடுக்கும்போதெல்லாம் மின்னழுத்தம் ஏறி இறங்க, சிறு துகள் கரைந்து பெரிய துகளில் போய்ப் படிகிறது. தாங்கி நிற்கும் கரியும் அரிக்கப்படுகிறது. ஆகவே எந்த உலோகம் என்பதைவிட, அதன் அணுவை எப்படி இடம்பெயராமல் வைப்பது என்பதே இத்துறையின் மையக் கேள்வி. பெங்களூரு ஆய்வுகளை அப்படி வாசிப்பதே பொருந்தும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அசோக் குமார் சுக்லா மெத்தனால் மின்கலங்களை ஆராய்ந்தார். பின்னர் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். மெத்தனால் விட்டுச்செல்லும் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தை முடக்கும். உடன் சேர்க்கும் ருத்தேனியம் அதை அகற்றும். ஆனால் அந்த ருத்தேனியமே கரைந்து, இரு மின்முனைகளுக்கும் இடையிலுள்ள சவ்வைக் கடந்து எதிர்முனையில் படிவதுண்டு. அதே கழகத்தில் எம்.எஸ். ஹெக்டே வேறு வழி கண்டார்: விலையுயர்ந்த உலோகத்தைத் துகளாக வைக்காமல், சீரியம் ஆக்சைடின் படிகத்துக்குள் அயனியாகவே பதித்தார். அந்த வினையூக்கி பெரிதும் வாகனப் புகையைச் சுத்திகரிக்க உருவானது. மின்கலத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். நேரடியாகப் பொருந்தாதுதான், சீரியம் ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அமிலத்தையும் தாங்காது. ஆனால் அணுவுக்கு நிலையான இடம் தரும் அந்த எண்ணத்தின் இன்னொரு வடிவத்தை பெங்களூரின் ஜக்கூரில், ஜவஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில், செபாஸ்டியன் பீட்டர் குழுவின் பணியில் காணலாம். அங்கே உருவாகும் சேர்மங்களில் இரு உலோகங்களின் அணுக்கள் ஒழுங்கான வரிசையில் அமர்கின்றன. சாதாரணக் கலப்புலோகத்தைவிட அரிப்பு குறைவு. அந்த வரிசையைப் பெறப் பலவேளை மிகுந்த வெப்பம் வேண்டும், அதில் துகள் பருத்துவிடும். இதுதான் அதற்குத் தரும் விலை.

பிளாட்டினத்தையே கைவிட்டால் என்ன என்பது பழைய வாதம். 1964இல் ஜசின்ஸ்கி என்ற ஆய்வாளர் கோபால்ட் தாலோசயனினைக் கொண்டு அதற்கு வழி திறந்தார். இன்றைய இரும்பு-நைட்ரஜன்-கரி வினையூக்கிகள் காரத்தில் நன்றாகவே உழைக்கின்றன. அமிலத்தில் சீக்கிரம் தளர்கின்றன. எந்த வினையூக்கியானாலும் கடைசிக் கேள்வி ஆயுள்தான். 2024 ஜனவரியில் இஸ்ரோ விண்வெளியில் இயக்கிய எரிபொருள் மின்கலம் 180 வாட் தந்தது. அது சிறிது நேரச் சோதனை. கனரக லாரிக்கு அமெரிக்க எரிசக்தித் துறை 2030க்கு வைத்துள்ள ஆயுள் இலக்கோ 25,000 மணி நேரம்.