பேனா முள் பழகுமா?

பேனாவை இரவல் கொடுத்தால் முள் பிறர் கைக்குப் பழகிவிடும் என்பர் மூத்தோர். இந்நம்பிக்கையின் வேர், எழுதுகோலின் வரலாற்றில் உள்ளது.

ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் வாத்திறகைச் சீவி எழுதினர். எழுத எழுத இறகின் முனை தேய்ந்து கைக்கேற்ப மாறியது உண்மையே. ஆயின் அப்பழக்கம் அடுத்த சீவலோடு அழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பர்மிங்காம் நகரில் எஃகு முட்கள் பெருவாரியாக உருவாயின. மையிலிருந்த அமிலம் எஃகை அரித்தது. பொன்னோ அரிபடாது, ஆனால் மென்மையால் விரைவில் தேயும். இவ்விடரைத் தீர்த்தது இரிடியம். 1803இல் ஸ்மித்சன் டெனன்ட் கண்டறிந்த அவ்வுலோகத்தை, 1834இல் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் பொன்முள்ளின் நுனியில் பொருத்தினார். பின்வந்த மை ஊற்றுப் பேனாக்களும் இத்தகைய கடின நுனியையே ஏற்றன.

இந்நுனி காகிதத்தில் உராய்ந்து வடிவம் மாறப் பல்லாண்டுகள் ஆகும். எனவே புதுப் பேனா ஒரு வாரத்தில் இணங்கி எழுதுவதற்குத் தேய்மானம் காரணமன்று. உற்பத்தியின்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை நீங்கி மை சீராக இறங்குவது ஒன்று. பேனாவைச் சாய்க்கும் கோணத்தைக் கை அறிந்துகொள்வது மற்றொன்று. பின்னதே பெரிது. பழகுவது பெரும்பாலும் கைதான்.

காகிதத்தைக் கீறும் புது முள்ளோடு, 'போகப் போகச் சரியாகும்' என்று மாணவரை மாதக்கணக்கில் போராட விடுவது வீண். முள்ளின் இரு கிளைகளும் ஒரே மட்டத்தில் இல்லாமையே பெரும்பாலும் குறை; பேனா பழுது பார்ப்பவர் உருப்பெருக்காடியில் நோக்கிச் சிறிது நேரத்தில் நேராக்கிவிடுவார். இரவல் கொடுக்கவும் அஞ்ச வேண்டியதில்லை. அழுத்தி எழுதுவோர் முள்ளை வளைத்துவிடுவர் என்னும் அச்சம் மட்டும் நியாயமானது.