இரும்புப் பந்தும் நாற்பது பக்க நோட்டும்

போன மாதம் அம்பூரியிலிருந்து மாமி போன். "மக்கா, மாமாக்க காலுக்கு ஆக்சிஜன் அறையில வெச்சாத்தான் ஆறும்னு சொல்லுதாவ. முப்பது தடவையாம். பணம் கட்டட்டா?"

மாமாவுக்கு சர்க்கரை வந்து இருபது வருஷம். பெருவிரல் புண் மூன்று மாதமாக ஆறவில்லை. பி.காம் படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் வெளிநாட்டில் இருக்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது ஊர் நம்பிக்கை :-) நாளைக்குச் சொல்கிறேன் மாமி என்று வைத்துவிட்டு, இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன்.

நான் இருக்கும் ஒண்டாரியோவுக்கு ஈரி ஏரியின் அக்கரையில் கிளீவ்லண்ட் நகரம். 1928-ல் அங்கே 64 அடி குறுக்களவில், ஐந்து மாடி உயரத்துக்கு ஒரு இரும்புப் பந்து கட்டினார்கள். அது ஆஸ்பத்திரி! கட்டியவர் ஆர்வல் கன்னிங்ஹாம் என்ற டாக்டர். பணம் கொடுத்தவர் ரோலர் பேரிங் முதலாளி டிம்கன், ஏறக்குறைய பத்து லட்சம் டாலர். உள்ளே காற்றை அழுத்தி நிரப்பி நோயாளிகளைத் தங்கவைப்பார்கள். சர்க்கரை நோய், சிபிலிஸ், புற்றுநோய் எல்லாம் அதில் சரியாகும் என்றார் கன்னிங்ஹாம். அமெரிக்க மருத்துவச் சங்கம் ஆதாரத்தைக் காட்டச் சொன்னது. திரும்பத் திரும்பக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. முப்பதுகளில் ஆஸ்பத்திரி மூடப்பட்டது. 1942-ல் பந்தை உடைத்து யுத்தத்துக்குப் பழைய இரும்பாகப் போட்டார்கள். அத்தனை பெரிய கட்டடம், ஒரு ஒழுங்கான லெட்ஜர் இல்லை. ஆடிட்டில் நான் இதைப் பார்த்திருந்தால் தூக்கம் போயிருக்கும்.

அழுத்தக் காற்று போய் அழுத்த ஆக்சிஜன் வந்தது பிறகுதான். 1960-ல் ஆம்ஸ்டர்டாமில் பூரெமா என்ற சர்ஜன், சிவப்பணுக்களை அநேகமாக முழுக்க எடுத்துவிட்ட பன்றிகளை அழுத்த ஆக்சிஜனில் உயிரோடு வைத்துக் காட்டினார். ஆக்சிஜன் ரத்தத்தின் நீரிலேயே கரைந்து போய்ச் சேரும் என்பதுதான் சூட்சுமம். ரத்தம் சரியாகப் போகாத சர்க்கரைக் காலுக்கும் இதைப் பார்க்கலாமே என்று அப்புறம் தோன்றியது.

2010-ல் ஸ்வீடனில் 94 பேரை வைத்துச் சோதித்தார்கள். பாதிப்பேருக்கு அதே அறையில் வெறும் காற்று. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஒரு வருஷத்தில் ஆக்சிஜன் பக்கம் 52 சதவீதம் பேருக்குப் புண் ஆறியது, மறுபக்கம் 29. ஆகா என்று இருந்தது. 2013-ல் அமெரிக்காவில் 83 மையங்களின் கம்ப்யூட்டர் பதிவுகளிலிருந்து 6,259 பேரின் கணக்கைப் பார்த்தார்கள். புண்ணும் கூடுதலாக ஆறவில்லை, காலும் கூடுதலாகத் தப்பவில்லை.

எதை நம்புவது? எனக்கு இது பழகின தலைவலி. பதிவேட்டில் ஆக்சிஜனுக்கு அனுப்பப்படுகிறவர் பெரும்பாலும் நிலைமை மோசமானவர். வாராக்கடன் பிரிவுக்கு வந்த கணக்கையும் சாதாரணக் கணக்கையும் ஒப்பிடுகிற மாதிரிதான். கணிதத்தால் சரிக்கட்டப் பார்த்தார்கள், ஆனால் காலத்தில் எழுதாததைச் சரிக்கட்ட முடியாதே. புண் எத்தனையாவது நிலை (வாக்னர் என்பவர் 0 முதல் 5 வரை வகுத்தது), பாதத்துக்கு ரத்த ஓட்டம் எவ்வளவு, எத்தனை தடவை அறைக்குள் போனார், ஏன் நிறுத்தினார்... இந்தக் காலங்கள் எல்லாம் வேண்டும். கடைசிக் காலம் சாதாரணமானதல்ல. நெதர்லாந்தில் 2018-ல் வெளியான ஆய்வில், ஆக்சிஜன் குழுவின் 60 பேரில் 39 பேர்தான் முழுசாக முடித்தார்கள்.

எங்கள் நெய்யாற்றின்கரைக்காரர்களும் இப்படி ஒரு கணக்கில் இருக்கிறார்கள். 2013-ல் ஸ்ரீசித்திரா நிலையமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தாரும் நெய்யாற்றின்கரை தாலுகாவில் வாக்குச்சாவடி வாரியாக 60 இடங்கள், 1,007 பேரை எடுத்து, சர்க்கரை வராமல் தடுக்க முடியுமா என்று பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் பயிற்சி பெற்ற குழுவில் 14.9 சதவீதம் பேருக்கு வந்தது, மற்றதில் 17.1. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம் என்று 2018-ல் அவர்களே அச்சில் போட்டார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாமியைக் கூப்பிட்டேன். கட்டு, கட்டாதே என்று சொல்ல நான் யார்? டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள் என்றேன்: புண் எந்த நிலை, காலில் ரத்த ஓட்டம் பார்த்தாயிற்றா? மறுநாள் மாமி சொன்னார், "ஓட்டம் இன்னும் பாக்கலியாம். வெள்ளிக்கிழம வரச் சொல்லியாச்சு." ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதி போட்டு, புண்ணின் நீள அகலத்தை அளந்து எழுதச் சொல்லியிருக்கிறேன். முதல் பக்கத்தை மச்சான் படம் எடுத்து அனுப்பினான். அளவு இருக்கிறது, தேதியைக் காணோம்.