அடைத்த பல் ஏன் மீண்டும் கெடுகிறது?

சொத்தைப் பல்லை அடைத்துவிட்டால் அத்துடன் தொல்லை தீர்ந்தது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் சில ஆண்டுகளில், சில வேளைகளில் சில நாட்களிலேயே, அதே பல் மறுபடியும் கூசுகிறது, வலிக்கிறது, அடைப்பு பெயர்ந்து விழுகிறது. உடனே மருத்துவரைக் குறை கூறுகிறோம். அல்லது நம் பல்லின் வாகு அப்படி என்று விட்டுவிடுகிறோம். அடைப்பும் ஒரு பொருளே. எந்தப் பொருளும் காரணமின்றிக் கெடுவதில்லை. அக்காரணங்களைத் தேடிக் கண்ட வரலாறு ஏறத்தாழ 200 ஆண்டு வரலாறு. அதில் பல் மருத்துவருக்கு உள்ள பங்கு இயற்பியலாருக்கும் உண்டு.

வெள்ளி நாணயமும் பாதரசமும்

பல்லைக் குடைவது மிகப் பழைய கலை. இன்றைய பாகிஸ்தானின் பலூசிஸ்தானத்தில் உள்ள மெஹர்கரில், 7500 முதல் 9000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதர்களின் கடைவாய்ப் பற்களில் சிக்கிமுக்கிக் கல் துரப்பணத்தால் இட்ட துளைகள் காணப்பட்டன. இச்செய்தி 2006-இல் வெளியாயிற்று. மணி கோக்கத் துளையிட்ட அதே கைத்திறன் பல்லிலும் பயன்பட்டது போலும்.

குழியை எதனால் அடைப்பது என்பதே பெரும் சிக்கலாக இருந்தது. பொன் தகடு நன்கு உழைத்தது. ஆனால் ஏழைக்கு எட்டவில்லை. 1820-களில் பாரிஸ் நகரில் தாவோ என்பவர் வெள்ளி நாணயத்தை அராவி, அத்தூளைப் பாதரசத்துடன் பிசைந்து பல்லில் அடைத்தார். களிம்பு போல் மென்மையாக இருக்கும் இந்த இரசக்கலவை சிறிது நேரத்தில் கல்லாக இறுகிவிடும். ஆனால் இறுகும்போது விரிந்தது. அடைப்பு மேலெழும்பிக் கடிக்க இடறியது. சில வேளைகளில் பல்லே பிளந்தது.

1833-இல் கிராக்கூர் சகோதரர்கள் இக்கலவையை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். சொத்தையைச் சுரண்டி எடுக்காமலேயே மேலே அப்பி அடைத்துக் காசு பார்த்தார்கள். உள்ளே சொத்தை வளர்ந்தது, பற்கள் வீணாயின. 1840-இல் தோன்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் இரசக்கலவையையே விலக்கி வைத்தது. அதைத் தொடமாட்டேன் என்று உறுப்பினர்களிடம் உறுதிமொழியும் கேட்டது. பூசல் முற்றி 1856-இல் சங்கமே கலைந்தது. கலவையின் குற்றம் எது, கையாண்டவரின் குற்றம் எது என்று பிரித்துப் பார்க்க அன்று அளவீடு இல்லை. ஆகவே வாதம் மட்டுமே மிஞ்சியது.

அளந்து பார்த்தவர்கள்

அந்த வாதத்தை அளவீட்டால் தீர்க்க முற்பட்டவர் அமெரிக்காவின் ஜி. வி. பிளாக். வெள்ளியையும் வெள்ளீயத்தையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து, இறுகும்போது எவ்வளவு விரிகிறது, எவ்வளவு சுருங்குகிறது என்று நுணுக்கமாக அளந்தார். வெள்ளி மிகுந்தால் விரிவு. வெள்ளீயம் மிகுந்தால் சுருக்கம். இரண்டும் சமன்படும் கலவையை 1895-இல் அவர் அறிவித்தார்.

1919-இல் அமெரிக்க இராணுவம், தன் வீரர்களுக்கு எந்தக் கலவையை வாங்குவது என்று அந்நாட்டுத் தேசியத் தர நிறுவனத்தைக் கேட்டது. ஆய்வை ஏற்றவர் வில்மர் சௌடர் என்ற இயற்பியலார். அவர் தொடங்கிவைத்த பணியின் பயனாக, பல் பொருள்களுக்கெனத் தர அளவைகள் பின்னர் வகுக்கப்பட்டன.

அதே நிறுவனம் 1942-இல் மற்றொரு புதிரையும் விடுவித்தது. அடைத்து மூன்று நான்கு நாட்கள் கழித்துச் சிலருக்குக் கடும் வலி வருவானேன்? கலவை உருக்கும்போது ஆக்சிஜனை நீக்குவதற்காகச் சிறிது துத்தநாகம் சேர்ப்பது வழக்கம். அடைக்கும் நேரத்தில் எச்சிலோ, உள்ளங்கை வியர்வையோ கலவையில் பட்டால் துத்தநாகம் நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். வெளியேற வழியில்லாத வாயு அடைப்பை உள்ளிருந்து உப்பவைக்கும். ஈரம் புகாமல் அடைக்க மருத்துவர் பஞ்சுருளை வைத்து அத்தனை பாடுபடுவது இதனால்தான். கலவையைக் கையில் வைத்துப் பிசையும் பழைய வழக்கமும் மறைந்தது.

உலைக்குள் உருக்கு, வாய்க்குள் கலவை

கல்பாக்கத்தில் 1971-இல் தொடங்கி, 1985-இல் இந்திரா காந்தி பெயரைப் பெற்ற அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகங்கள் ஏன் கெடுகின்றன என்பது முக்கிய ஆய்வுத் துறை. அங்குள்ள வேக ஈனுலையில் முதல் தொடர்வினை 1985 அக்டோபரில் எட்டப்பட்டது. இத்தகைய உலைகளில் 500 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறிய திரவ சோடியம் ஓடுகிறது. அவ்வெப்பத்தில் உருக்கின் மீது நீண்ட காலம் விசை இருந்தால், அது மெல்ல மெல்ல நீண்டு உருக்குலையும். இதை ஊர்வு என்பர்.

தனி வெப்பநிலை அளவில், உருகுநிலையின் பத்தில் நான்கு பங்கைத் தாண்டினால் ஊர்வைக் கணக்கில் எடுக்கவேண்டும் என்பது பொறியாளர் அறிந்த விதி. 550 டிகிரி செல்சியஸ் என்பது 823 கெல்வின். உருக்கின் உருகுநிலையில் இது ஏறத்தாழப் பாதி. இப்போது வாயைப் பாருங்கள். உடல் வெப்பநிலை 310 கெல்வின். இரசக்கலவையின் முக்கியக் கூறான வெள்ளி-பாதரசச் சேர்மமோ ஏறத்தாழ 400 கெல்வினிலேயே சிதைந்துவிடும். முக்கால் பங்குக்கு மேல்! உலை உருக்குக்கு எவ்வளவு கடுமையான இடமோ, அதைவிட நம் வாய் இரசக்கலவைக்குக் கடுமையான இடம். மெல்லும் விசையில் அடைப்பு ஊர்ந்து, அதன் விளிம்பு பல்லுக்கு வெளியே மெலிந்து நீண்டு, பின் ஒடிகிறது.

உப்பும் இதற்குத் துணைபோகிறது. கல்பாக்கத்துக் கடற்காற்றில் சன்னல் கம்பி அரிப்பதை நாம் காண்கிறோம். எச்சிலிலும் குளோரைடு உண்டு. அதுவும் ஒரு மின்பகுளியே. பழைய கலவையில் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த பகுதியே மிக வலுவற்றது, முதலில் அரிபடுவது. 1963-இல் கனடாவில் இன்ஸ், யூடலிஸ் ஆகிய இருவர் தாமிரத்தை மிகுதியாகச் சேர்த்து அந்த வலுவற்ற பகுதியை ஏறக்குறைய ஒழித்தனர். விளிம்பு ஒடிவது பெரிதும் குறைந்தது.

நுண்ணிய இடைவெளி

அடுத்த காரணம் வெப்ப விரிவு. ஒரு டிகிரிக்குப் பல்லின் எனாமல் பத்து இலட்சத்தில் சுமார் 11 பங்கு விரியும். இரசக்கலவை 25 பங்கு. நான்கு மில்லிமீட்டர் அகல அடைப்பு 37 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்குக் குளிர்வதாகக் கொள்வோம். இரண்டின் சுருக்கத்திலும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 1.7 மைக்ரான். ஒரு மிடறு ஐஸ் தண்ணீர் அடைப்பு முழுவதையும் இவ்வளவு குளிர்விக்காது. எனவே இது மேல் எல்லை. ஆனாலும் சொத்தையை உண்டாக்கும் பாக்டீரியாவின் குறுக்களவு ஒரு மைக்ரானுக்கும் குறைவு என்பதை நினைவிற் கொள்க. இரசக்கலவையின் அரிப்புப் பொருளே நாளடைவில் இந்த இடுக்கை ஓரளவு அடைத்துவிடுவது வியப்பான நன்மை.

பல்லின் நிறத்திலேயே வரும் பிசின் அடைப்புக்கு அந்த நன்மை இல்லை. 1955-இல் புவனகோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சொரசொரப்பாக்கிப் பிசினை ஒட்டவைக்கும் வழியைக் கண்டார். 1960-களின் தொடக்கத்தில் போவன் அதற்கேற்ற பிசினை உருவாக்கினார். அது இறுகும்போது பருமனில் ஏறத்தாழ 2 முதல் 3 விழுக்காடு சுருங்கும். அதனால்தான் மருத்துவர் அதைச் சிறுசிறு அடுக்குகளாக இட்டு, ஒவ்வொன்றாக ஒளியால் இறுகச் செய்கிறார். 

அறிகுறிகள் கூறுவன

அடைத்த அன்றே கடிக்கும்போது இடறி வலித்தால், அடைப்பு உயரமாக இருக்கலாம். சற்றுத் தேய்த்தால் போதும். குளிருக்குச் சில நொடி கூசி மறைவது முதல் சில வாரங்களில் இயல்பு. நாட்கள் செல்லச் செல்லக் கூச்சம் மிகுந்தாலோ, சூடு பட்டு நெடுநேரம் வலித்தாலோ, இரவில் தானே வலித்தாலோ பற்கூழ் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும், தாமதம் கூடாது. கடித்து விடும் கணத்தில் சுரீரென்றால் பல்லில் விரிசல் இருக்கலாம். ஓரிடத்திலேயே உணவு சிக்குவதும், பல் துலக்கும் நூல் நைந்து வருவதும் விளிம்பு ஒடிந்ததைக் காட்டலாம். விளிம்பை ஒட்டிய கருமை வெறும் கறையாகவும் இருக்கலாம். மறு சொத்தையாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறிய மருத்துவரின் கண்ணும் எக்ஸ் கதிர்ப் படமும் வேண்டும். மிட்டாய்த் தாளின் அலுமினியம் பட்டுச் சுளீரென்றால் அஞ்சவேண்டாம். இரு உலோகமும் எச்சிலும் சேர்ந்து ஒரு மின்கலம் ஆயின, அவ்வளவே.

பாதரசத்தால் வரும் சூழல் கேடு தனிச் செய்தி. பாதரச வெப்பமானி ஆலை 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் நமக்கு அதைக் கற்பித்தது. 2013-இன் மினமாட்டா உடன்படிக்கை இரசக்கலவை அடைப்பைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது. இந்தியா 2018-இல் அதை ஏற்றது. அதற்காக நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பயந்து தோண்டியெடுப்பது தேவையற்றது. தோண்டும்போதுதான் பாதரச ஆவி மிகுதியாக வெளிப்படும். நல்ல பல்லும் சிறிது குறையும்.

ஒவ்வொரு முறை அடைப்பை மாற்றும்போதும் குழி பெரிதாகிறது. மிஞ்சும் பல் மெலிகிறது. ஆகவே கெடுவதற்கான காரணத்தைக் கண்டு தீர்க்காமல் அடைப்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பது, கசியும் கூரையின் கீழ்ச் சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றது. வலி வரும்வரை காத்திராமல் அடைத்த பல்லை ஆண்டுக்கொருமுறை காட்டி வருவதும், இனிப்பைக் குறைப்பதும், இரவில் பல் துலக்கிவிட்டு உறங்குவதும் எந்த அடைப்பின் ஆயுளையும் நீட்டிக்கும்.