மோனோவும் காம்யுவும்: உயிரியலும் இலக்கியமும் சந்தித்த இடம்

1948ஆம் ஆண்டு ஆகஸ்டில், லைசெங்கோவின் கொள்கையை ஏற்று மரபணுவியலைச் சோவியத் அரசு விலக்கியது. அடுத்த மாதமே பிரெஞ்சு உயிரியலாளர் ஷாக் மோனோ, பாரிசின் 'கொம்பா' நாளிதழில் அதனைக் கண்டித்து எழுதினார். அவ்விதழின் முன்னாள் ஆசிரியர் எழுத்தாளர் அல்பேர் காம்யு; இருவரும் நண்பர்களாயினர். காம்யு 1957இல் இலக்கியத்திற்கும், மோனோ 1965இல் மருத்துவத்திற்கும் நோபல் பரிசு பெற்றனர்.

1970இல் மோனோ எழுதிய 'தற்செயலும் இன்றியமையாமையும்' என்னும் மெய்யியல் நூலின் முகப்பில், மறைந்த நண்பரின் 'சிசிபஸ்' கட்டுரைப் பகுதி இடம்பெற்றது. மரபணுவில் தற்செயலாய் நேரும் மாற்றத்தை இயற்கைத் தேர்வு நிலைநிறுத்துகிறது. உயிருக்கு முன்வகுத்த நோக்கமில்லை என்றார் மோனோ. வாழ்வின் பொருளை மனிதனே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்றார் காம்யு. கட்சியும் ஊழும் விடை தாராத அவ்விடத்தில்தான் மனிதனின் பொறுப்புத் தொடங்குகிறது.