நாசகாரிகளும் அவற்றின் சிற்றுருக்களும்

கடற்போர்ச் செய்திகளில் வரும் சொற்களுள் 'நாசகாரி' என்பது செவிக்குச் சற்றுக் கொடூரமானது. அச்சொல்லை மொழிபெயர்க்க நேரும்போதெல்லாம் அதன் வரலாறு நம் நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், டார்ப்பிடோ என்னும் நீரடி வெடிகுண்டைத் தாங்கிய சிறு படகுகள் தோன்றின. பெரும் போர்க்கப்பல்களை அவை இருளில் நெருங்கி மூழ்கடித்துவிடும் என்ற அச்சம் பரவிற்று. அப்படகுகளைத் துரத்தி அழிப்பதற்கென்றே கட்டிய விரைவுக் கப்பலுக்கு 'டார்ப்பிடோப் படகு நாசகாரி' என்று பெயரிட்டனர். நாளடைவில் பெயரின் முன்பாதி உதிர்ந்து, பின்பாதி மட்டும் நிலைத்தது. பெயர் எதுவாயினும், பிறப்பால் அது ஒரு காவற்கப்பலே.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி செலுத்திய நாசகாரிகளைப் பற்றியும், அவற்றைச் சிற்றுருவாகச் செய்யும் கலையைப் பற்றியும் இங்கே சிறிது ஆராய்வோம். இவ்விரண்டும் தொடர்பற்றவை அல்ல. காகிதத்தில் வலிமையாகத் தோன்றிய கப்பல் கடலில் ஏன் தளர்ந்தது என்னும் கேள்விக்கு, சிற்றுருச் செய்வோரின் மேசையிலேயே பாதி விடை கிடைக்கிறது.

முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியை 1919-ஆம் ஆண்டின் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை இறுகக் கட்டியது. புதிதாகக் கட்டும் நாசகாரி 800 டன்னுக்கு மேற்படலாகாது என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் இக்கட்டுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. 1935-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டன் செய்துகொண்ட ஒப்பந்தம், பிரிட்டிஷ் கடற்படையில் 35 சதவிகிதம் வரை ஜெர்மனி கட்டிக்கொள்ள இடமளித்தது. அதற்கு முன்பே, 1934-இல், புதிய நாசகாரிகளின் வேலை தொடங்கிவிட்டது.

முதற் கப்பலான 'லேபரெக்ட் மாஸ்' 1937 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்தது. அதன் நீளம் 119 மீட்டர்; எடை, எரிபொருளின்றியே 2,200 டன் அளவு. 12.7 சென்டிமீட்டர் பீரங்கிகள் ஐந்து, டார்ப்பிடோக் குழல்கள் எட்டு. வேகமோ மணிக்கு 36 கடல்மைலுக்கும் மேல். அண்டை நாட்டார் கட்டிய நாசகாரிகளில் பெரும்பாலானவற்றினும் இது பெரிது. எண்களை மட்டும் ஒப்பிட்டவர்கள் இதனைக் கண்டு அஞ்சியதில் வியப்பில்லை.

குறை உள்ளே இருந்தது. சிறிய இடத்தில் பெரிய சக்தியைப் பெற விரும்பிய பொறியாளர்கள், மிக உயர்ந்த அழுத்தமுள்ள நீராவியைத் தேர்ந்தனர். அக்காலத்துப் பிரிட்டிஷ் நாசகாரிகளின் கொதிகலன்களில் நீராவியின் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஏறக்குறைய 20 மடங்கு. ஜெர்மன் கொதிகலன்களில் அது 70 மடங்கு, சிலவற்றில் 110 மடங்கு. கருத்து முற்போக்கானதே. ஆனால், போதிய சோதனைக்கு முன்பே அது கப்பல்களில் ஏறிவிட்டது. குழாய்கள் கசிந்தன, பழுதுகள் ஓயவில்லை, இயந்திர அறையின் நெருக்கடியில் செப்பனிடுவதும் கடினமாயிற்று.

மேற்பளு இன்னொரு தொல்லை. மேலே ஏற்றிய பொருள்கள் மிகுதியாகவே, கப்பல் சாய்ந்துவிடாதிருக்க, எண்ணெயில் 30 சதவிகிதத்தை எரிக்காமல் அடித்தொட்டிகளிலேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று. 4,400 கடல்மைல் ஓடுமென்று கணக்கிட்ட கப்பல், நடைமுறையில் 1,530 கடல்மைலே ஓட முடிந்தது. அணியம் என்னும் முன்பகுதியும் அலைக்கு எளிதில் எழவில்லை. நீர் மேல்தளத்தின்மேல் புரண்டது. பின்னாற் கட்டியவற்றில் அணியத்தை முன்சாய்த்து வளைத்துத் திருத்தினர். அத்திருத்தத்தின் பயன் நிலைக்குமுன்னரே அடுத்த ஆசை வந்தது. 15 சென்டிமீட்டர் பீரங்கிகளை ஏற்றினர். முன்புறத்தில் இரண்டு பீரங்கிகள் கொண்ட கனத்த கோபுரத்தையும் அமைத்தனர். முன்னைய பீரங்கியின் குண்டு 28 கிலோ. புதியது 40 கிலோவுக்குக் குறையாதது. குண்டு பெரிதாயிற்று, கப்பல் மீண்டும் மூக்குக் கனத்தது.

போர் வந்தபோது இக்குறைகளுடன் வேறு குறைகளும் கைகோத்தன. 1940 பிப்ரவரி 22-ஆம் தேதி வட கடலில் சென்ற ஜெர்மன் நாசகாரிகள்மீது ஜெர்மன் விமானமே குண்டு வீசிற்று. கடற்படையின் பயணம் விமானப் படையினருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அக்குழப்பத்திடையே கடற்கண்ணிகளும் வெடிக்க, 'லேபரெக்ட் மாஸ்', 'மாக்ஸ் ஷுல்ட்ஸ்' என்னும் இரண்டும் மூழ்கின. 500-க்கு மேற்பட்டோர் உறைநீரில் மாண்டனர்.

அதே ஆண்டு ஏப்ரல் 9-ஆம் தேதி, நடுநிலை நாடாகிய நார்வேயைத் தாக்கும் பொருட்டு, பத்து நாசகாரிகள் சுமார் 2,000 மலைப்படையினரை வடகோடியிலுள்ள நார்விக் துறைமுகத்தில் இறக்கின. இறக்கியதும் திரும்பிவிட வேண்டும் என்பது திட்டம். ஆனால், எண்ணெய் தீர்ந்துவிட்டது. எதிர்பார்த்த எண்ணெய்க் கப்பல்கள் இரண்டனுள் ஒன்றே வந்து சேர்ந்தது. அதிலிருந்து எண்ணெய் ஏற்றும் வேலை மெல்லவே நடந்தது. மறுநாள் விடியலில் ஐந்து பிரிட்டிஷ் நாசகாரிகள் உட்புகுந்து இரண்டை மூழ்கடித்தன. அப்போரில் இருதரப்புத் தலைவர்களும் உயிர்துறந்தனர். 13-ஆம் தேதி 'வார்ஸ்பைட்' என்னும் பெருங்கப்பல் ஒன்பது நாசகாரிகளுடன் வரவே, எஞ்சிய எட்டும் அழிந்தன. அதுவரை ஜெர்மனி கட்டி முடித்திருந்த நாசகாரிகள் 22. அவற்றுள் 12 இரண்டே மாதங்களில் மறைந்தன.

பெரிய பீரங்கியின் பயனும் பின்னர்ச் சோதனைக்கு வந்தது. 1943 டிசம்பர் 28-ஆம் தேதி பிஸ்கே விரிகுடாவில், ஐந்து நாசகாரிகளும் ஆறு டார்ப்பிடோப் படகுகளும் இரண்டே பிரிட்டிஷ் குரூசர்களை எதிர்த்தன. கொந்தளித்த கடலில் ஜெர்மன் கப்பல்களின் குறி நிலைகொள்ளவில்லை. ஒரு நாசகாரியும் இரு படகுகளும் மூழ்கின.

இனி மேசைக்கு வருவோம். இன்று சிற்றுருச் செய்வோர் பெரிதும் விரும்பும் அளவுகள் 1:350, 1:700 என்பன. பின்னதனை, ஜப்பானில் ஷிசுவோக்கா வட்டாரத்து நிறுவனங்கள் 1971 முதல் நீர்மட்டத்துக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் காட்டும் வரிசையாக வெளியிட்டுப் பரப்பின. அவ்வளவில் 127 மீட்டர்க் கப்பல் 18 சென்டிமீட்டராகும்; மேல்தளத்தில் நிற்கும் மாலுமி இரண்டரை மில்லிமீட்டர். கைப்பிடிக் கம்பியைச் சரியான கனத்தில் செய்தால் அது தலைமயிரினும் மெல்லியதாக இருக்கும். ஆகவே, அரித்தெடுத்த பித்தளையால் சற்றே தடித்த கம்பியைச் செய்து கண்ணை ஏமாற்றுகின்றனர்.

கண்ணை ஏமாற்றலாம், கணக்கை ஏமாற்ற முடியாது. நீளம் 700-இல் ஒரு பங்கானால், பருமன் 34 கோடியே 30 லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். முழுச் சுமையுடன் சுமார் 3,600 டன் இருந்த நாசகாரி அக்கணக்கின்படி பத்தே கிராம்! மேசையிலுள்ள உருவம் கப்பலின் வடிவத்தைத் தருகிறது, பளுவைத் தருவதில்லை. இவ்வுண்மையை அறிந்தே வில்லியம் ஃபுரூட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1872-இல் டார்க்கீ நகரில் நீர்த்தொட்டி அமைத்து, மாதிரிகளை இழுத்துச் சோதித்தார். 1:25 அளவுள்ள மாதிரியை 25 மடங்கன்று, அதன் வர்க்கமூலமாகிய 5 மடங்கே குறைந்த வேகத்தில் இழுக்க வேண்டும் என்பது அவர் கண்ட விதி. 36 கடல்மைல் வேகத்துக்கு 7.2 கடல்மைல் போதும். உருவம் சுருங்கும் விதி வேறு, வேகம் சுருங்கும் விதி வேறு, பளு சுருங்கும் விதி வேறு. ஒரு கப்பலில் ஒன்றை மட்டும் பெருக்கினால் மற்றவை அதற்கு ஏற்றவாறு தாமே வளர்ந்துவிடுவதில்லை.

சிற்றுருச் செய்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, கப்பலை எந்த ஆண்டின் தோற்றத்தில் காட்டுவது என்பது. அணியம் நேரானதா, வளைந்ததா? முன்னே இருப்பது ஒற்றைப் பீரங்கியா, பின்னர் வந்த கோபுரமா? விமான எதிர்ப்புப் பீரங்கிகள் எத்தனை? முதல் 22 கப்பல்கள் முந்திய போரில் இறந்த கடற்படையினரின் பெயர்களைத் தாங்கின. அடுத்து வந்தவற்றுக்கு வெறும் எண்களே. பெயர்ப்பலகை எழுதும்போதுகூட ஒரு வரலாற்று வினாவுக்கு விடை தேட வேண்டியிருக்கிறது. இத்தகைய பொறுமையான உழைப்பை நாம் போற்றலாம். அக்கப்பல்கள் ஒரு கொடிய அரசின் படையெடுப்புக்குப் பணிசெய்தன என்பதையும் உடன் நினைவில் வைத்தலே முறை.

நார்விக்கை அடுத்த ரோம்பாக் கடற்கழியில், இறுதிவரை போரிட்டுக் கரையில் மோதிய 'கேயார்க் தீலே' என்னும் நாசகாரியின் துருவேறிய உடல் இன்றும் நீருக்கு மேல் தெரிகிறது. அதன் சிற்றுருவைச் செய்பவர் புதுச் சாயம் பூசி, ஒரு கம்பியும் வளையாமல் நிறுத்துகிறார். கப்பல் எப்படி இருக்க வேண்டுமென்று கட்டியவர்கள் எண்ணினார்கள் என்பதை அது காட்டுகிறது. எண்ணியதற்கும் நடந்ததற்கும் இடையே எத்தனை மனிதர் மாண்டனர் என்பதைக் கரையிலுள்ள இரும்பு நினைவூட்டுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே அக்கப்பலின் வரலாறு முழுமையாக விளங்கும்.