காஞ்சிபுரத்துக் கடிகை

காஞ்சிபுரம் தொண்டை மண்டலத்தின் பழைய தலைநகர். இன்று கோயிலுக்கும் பட்டுக்கும் பேர்போன காஞ்சிக்குப் பல்லவர் காலத்தில் பாடம் கேட்கவும் ஆட்கள் தேடி வந்தார்கள். இங்கிருந்த உயர்கல்விக்கூடம் கடிகை. அதைச் சேர்ந்தவர்கள் கடிகையார். (சோளிங்கபுரத்துக்கு வழங்கும் திருக்கடிகை என்ற பெயர் வேறு.)

கடிகைக் கட்டடம் எதுவும் மிஞ்சவில்லை. அன்றாடப் பாடத்தைக் கல்லில் வெட்டிவைக்க யாருக்கும் தோன்றவில்லை போலும். சண்டை, பட்டமேற்பு, படையெடுப்பு என்று அரசியல் குறுக்கிட்டபோதுதான் அதன் பெயர் சாசனம் ஏறியிருக்கிறது.

கர்நாடகத்துத் தாளகுந்தாவில் உள்ள 5ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு அப்படியொரு சண்டையைச் சொல்கிறது. மயூரசர்மன் என்ற அந்தண மாணவர் தம் குரு வீரசர்மனோடு வேதம் கற்றுத் தேறக் காஞ்சிக் கடிகைக்கு வந்தார். பல்லவக் குதிரைவீரனோடு மூண்ட தகராறில் மனம் புண்பட்டு, தருப்பை பிடித்த கையில் வாளை எடுத்தார். வனவாசியில் கதம்ப அரசு பிறந்த கதை இது. இத்தாலியில் பொலோஞாவோடு பிணங்கிய ஆசிரியர்களும் மாணவர்களும் 1222இல் பதுவாவில் வேறொரு பல்கலைக்கழகம் கண்டார்கள். காஞ்சியில் பிணங்கியவர் தனி நாடே கண்டுவிட்டார்.

8ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்தபின், அரியணைக்கு ஆள் கேட்டுப் பல்லவக் கிளைவழியினரான இரணியவர்மனிடம் போன குழுவில் கடிகையாரும் இருந்தனர். அவர் அனுப்பிவைத்த 12 வயது மகன்தான் இரண்டாம் நந்திவர்மன். வைகுந்தப் பெருமாள் கோயில் சுற்றுச்சுவரில் இந்நிகழ்ச்சி சிற்பமாக இருக்கிறது. காஞ்சியைப் பிடித்த சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தனோ கைலாசநாதர் கோயில் பொன்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கே கன்னடத்தில் ஒரு கல்வெட்டு வைத்தான்: இதை அழிப்பவன் கடிகை மகாசனங்களைக் கொன்றவன் போகும் உலகுக்குப் போவான் என்று. பகையரசனுக்கும் அதைவிடப் பெரிய பாவம் தெரியவில்லை.

இந்த மதிப்பெல்லாம் அந்தணர் கல்விக்கே உரியது. கடிகை எல்லார்க்கும் திறந்த வாசலல்ல. ஆனால் நகரத்தின் கல்வி கடிகையோடு நின்றுவிடவில்லை. திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் இருந்தனர். மணிமேகலை பௌத்த தருமம் கேட்டு நோன்பு பூண்ட இடமாகக் காப்பியம் காட்டுவதும் காஞ்சியைத்தான். 7ஆம் நூற்றாண்டுச் சீனப் பயணி யுவான் சுவாங் இங்கே நூற்றுக்கு மேற்பட்ட சங்காராமங்களையும் (பௌத்த மடங்கள்) 10,000 பிக்குகளையும் குறிப்பிடுகிறார். நாளந்தாவில் அவருக்கு ஆசிரியரான சீலபத்திரரின் குரு தருமபாலர், காஞ்சியில் பிறந்தவர்.

சோழர் காலத்தில் உயர்கல்வி கோயில்களையும் மடங்களையும் சார்ந்து பல ஊர்களுக்குப் பரவியது. எண்ணாயிரத்தில் 340 மாணவர்களுக்கு முதலாம் இராசேந்திரன் காலத்தில் நெல்லும் பொன்னும் ஒதுக்கப்பட்டன. பாலாற்றங்கரைத் திருமுக்கூடலில் வேதப் பள்ளியோடு 15 படுக்கை கொண்ட ஆதுலர்சாலையும் (மருத்துவமனை) இருந்தது. சென்னைத் திருவொற்றியூரின் கோயிலில், பாணினி இலக்கணம் விளக்குவதற்கென்றே ஒரு மண்டபம் இருந்தது. பாணினிக்குச் சிவபெருமான் சூத்திரங்களை அருளியது அவ்விடத்தில்தான் என்பது ஐதீகம்.