அதியமான் நாட்டுக் கள்

லாரிகள் ஓடும் பெரிய சாலையை அதியமான்கோட்டையோடு விட்டுவிட்டு, தொப்பூர் மலைப் பக்கம் போகும் சரளைப் பாதையில் சைக்கிளை இறக்கினேன். வண்டி வாகனம் எதுவுமில்லை. சக்கரத்தடியில் கல் நொறுங்கும் சத்தம்தான் துணை. மேடுகளில் இறங்கித் தள்ளினேன். நாற்பதைத் தாண்டியவனுக்கு அதில் வெட்கம் என்ன?

இது தகடூர் நாடு. அதியமான் மாண்டபோது ஔவைக்கு முதலில் நினைவுக்கு வந்தது, சிறிதளவே கிடைத்தாலும் அவன் தனக்கே தந்துவிடும் கள்தான். புறநானூற்றில் இருக்கிறது.

அந்த மண்ணில்தான் 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி கள்ளுக்கடைகளை மூடினார். தருமபுரி அன்று சேலம் ஜில்லாவில் சேர்ந்தது, 1965இல்தான் பிரிந்தது. கலால் வருமானம் போன பள்ளத்தை அடைக்க 1939இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. வரியோ பெயரை மாற்றிக்கொண்டதே தவிர, போகவே இல்லை! இன்று சர்க்கார் கடையில் பாட்டில் வாங்கலாம். 1987 முதல் கள் மட்டும் இறக்கக் கூடாது.

பனையடியில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் தண்ணீர் கேட்டேன். சொம்பை நீட்டினார்.

"எங்க பாட்டன் மரமேறிங்க. கடைய மூடினதும் அவருக்குப் பொழப்பு போச்சு."

"பாவம், வீட்டில் கஷ்டப்பட்டிருப்பார்களே?"

"எறக்குனதுல பாதியத் தானே குடிக்கிற மனுசன் சாமி. பாட்டிக்கு அன்னைக்குத்தான் பொழப்பு வந்துச்சு" என்றார்.